மருந்து டாங்கியின் வாரும் காறை எலும்பின் தகடும்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி இலங்கையின் வடக்கே, வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நெல் செய்பவர். வயது 36, வலக்கைப் பழக்கம் உள்ளவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் எல்லாரும் அவருடைய உழைப்பிலேயே இருக்கிறார்கள். நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. ஆனால் பீடி உண்டு. இன்னார் என்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், மம்மல் பொழுதில், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது வீதியில் நின்ற கட்டாக்காலி மாட்டோடு மோதி வலத் தோளில் விழுந்திருக்கிறார். தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. வன்னி வீதிகளில் இரவு வேலை செய்யும் எவருக்கும் இது புதுக்கதை அல்ல. விழும்போது கையை ஊன்றியதால்தான் நெஞ்சையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பு முறிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இவருக்கு நடந்ததுபோலத் தோளின் நுனி நேரே நிலத்தில் அடிபட்டே முறிகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தார்கள். இந்த எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும் போகின்றன, நுரையீரலின் உச்சியும் அங்கேதான் இருக்கிறது. மணிக்கட்டில் நாடி நன்றாக இருந்தது. விரல்கள் அசைந்தன, உணர்வும் குறையவில்லை. நெஞ்சுப் படத்தில் நுரையீரல் சுருங்கவில்லை, விலா எலும்புகளும் முறியவில்லை. ஆனால் வலப்புறம் மூன்றாவது விலாவுக்குப் பக்கத்தில் கடலைப் பருப்பளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"அது பழைய பீஸ் டொக்டர். 2009இல பட்டது. அது கிடக்கட்டும்," என்றார்.

போரில் பட்ட ஷெல் துண்டு உள்ளே கிடக்கும் இப்படியான படங்கள் இங்கே வேலை செய்பவர்களுக்குப் பழகிப்போனவை. சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய இடத்திலிருந்து அது தள்ளி இருந்தது. தொந்தரவும் தரவில்லை. அதைத் தொடத் தேவையில்லை என்று குறித்துக்கொண்டோம்.

முதல் படம், இரண்டாம் படம்

முறிவு எலும்பின் நடுப்பகுதியில் இருந்தது. வளர்ந்தவர்களின் காறை எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ 80 வீதம் நடுப்பகுதியில்தான் நேர்கின்றன. எலும்பு அங்கேதான் மெல்லியது, தசைகளின் பாதுகாப்பும் குறைவு. இரண்டு துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன, இடையில் ஆப்பு வடிவில் ஒரு சிறு துண்டும் பிரிந்திருந்தது. தள்ளுவண்டியில் படுத்தபடி எடுத்த அந்தப் படத்தில் துண்டுகள் ஏறியிருந்த அளவு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். கையைத் தூக்கிக் கட்டும் சிலிங் போட்டு, வலி மாத்திரை கொடுத்து, ஒரு கிழமையில் எலும்பு முறிவுக் கிளினிக்குக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள். அந்தப் படத்துக்கு அது சரியான முடிவு.

அவர் ஒரு கிழமையில் வரவில்லை. உறவினர் ஒருவர் சொல்லி முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டிருக்கிறார். பத்தாம் நாள் எங்களிடம் வந்தபோது கட்டு இறுகிய இடத்தில் தோல் சிவந்து, இரண்டு சிறு கொப்புளங்களும் இருந்தன. நாட்டு வைத்தியரிடம் போனதற்காக நாங்கள் அவரை ஏசவில்லை. போரும் இடப்பெயர்வும் நடந்த காலம் முழுவதும் இந்த மண்ணில் எத்தனையோ பேரின் கைகால்களைப் பார்த்தது அந்த வைத்தியம். நாங்கள் ஏசினால் அடுத்தவர் எங்களிடம் வரவே மாட்டார், வந்தாலும் கட்டுப் போட்டதைச் சொல்ல மாட்டார். ஆனால் அழுத்தமான கட்டும் உருவுதலும் காறை எலும்பின் துண்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. கழுத்தின் பக்கத் தசை உள்முனைத் துண்டை மேலும் பின்னும் இழுக்கிறது. கையின் பாரம் வெளிமுனைத் துண்டைக் கீழே இழுக்க, மார்புத் தசை அதை நெஞ்சுப் பக்கம் இழுக்கிறது. எந்தக் கட்டாலும் இந்த இழுவைகளை வெல்ல ஏலாது. இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்துக் கட்டும் எட்டு வடிவக் கட்டுக்கும் இது பொருந்தும். அதனால் சிலிங்கை விடக் கூடுதலான நன்மை கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, உபாதைதான் கூடுதல்.

அன்றைக்கு இரண்டாவது படம் எடுத்தோம். இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே அந்தப் படம். இம்முறை அவரை நிற்க வைத்து, சிலிங்கைக் கழற்றி, இரண்டு காறை எலும்புகளும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் சொன்னோம். ஏறியிருந்த அளவு 2.4 சென்ரிமீற்றர். அளவுநாடாவால் நெஞ்செலும்பின் மேல்நுனிக் குழியிலிருந்து தோள் மூட்டு வரை இருபுறமும் அளந்து பார்த்தோம். வலப்பக்கம் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தது. சட்டையில்லாமல் கண்ணாடிக்கு முன் நின்றால் அவருக்கே தெரியும் அளவுக்கு வலத்தோள் முன்னுக்குச் சரிந்து இறங்கியிருந்தது.

நாட்கள் போனதும் முறிவு சற்று நகர்ந்திருக்கலாம். ஆனால் வித்தியாசத்தின் ஒரு பங்கு நின்ற நிலையால் வந்தது. படுத்திருக்கும்போது கையின் பாரத்தைக் கட்டில் தாங்குகிறது, நிற்கும்போது அந்தப் பாரம் முழுவதையும் முறிந்த எலும்பே தாங்க வேண்டியிருக்கிறது. நடுப்பகுதி முறிவோடு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் கிளினிக்கிலேயே நின்றபடி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. படிவத்தில் "நின்ற நிலை, இருபுறமும்" என்று எழுதினால் போதும். வெட்டித் திறந்து, துண்டுகளைத் திருகாணிகளால் பிடிக்கும் உலோகத் தகடு வைப்பதா வேண்டாமா என்று பேசத் தொடங்குவதே அந்தப் படம் கைக்கு வந்த பிறகுதான்.

தகடு தேவைதானா?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே பதில் இருந்ததில்லை. 1960இல் அமெரிக்க எலும்பு வைத்தியர் நீர், சத்திரசிகிச்சை இல்லாமல் பார்த்த 2235 பேரில் மூவருக்கு மட்டுமே எலும்பு ஒட்டவில்லை என்று எழுதினார். காறை எலும்பு தானாகவே ஒட்டும், சும்மா விடுங்கள் என்ற நம்பிக்கை அப்படித்தான் பல பத்தாண்டுகள் நின்றது. வளர்ந்தவர்களில் துண்டுகள் முழுதாக விலகிய முறிவுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. 2007இல் வெளிவந்த கனடிய ஆய்வில் 132 பேர் சேர்க்கப்பட்டார்கள். முடிவு வரை தொடர்ந்தவர்களில் தகடு வைத்த 62 பேரில் இருவருக்கும், சிலிங் மட்டும் போட்ட 49 பேரில் எழுவருக்கும் எலும்பு ஒட்டவில்லை. எலும்பு ஒட்ட எடுத்த சராசரிக் காலம் தகட்டோடு 16 கிழமை, சிலிங்கோடு 28 கிழமை. இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் குறுகிய முறிவுகள் ஒட்டாமல் போகும் ஆபத்து கூடியவை என்பதை 1997இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லியிருந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் எல்லாருக்கும் தகடு வைக்க வேண்டும் என்றாகிவிடும். 2013இல் வெளிவந்த ஸ்கொட்லாந்து ஆய்வில் 200 பேர். தகடு வைத்தவர்களில் ஒருவருக்கும், வைக்காதவர்களில் 16 பேருக்கும் எலும்பு ஒட்டவில்லை. ஆனால் ஒட்டாமல் போனவர்களைக் கணக்கிலிருந்து எடுத்தால், கையின் செயற்பாட்டில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2019இல் 14 ஆய்வுகளையும் 1469 பேரையும் ஒன்றாக எடுத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. அதாவது தகட்டின் நன்மை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்வதில்லை. எலும்பு ஒட்டாமல் போகவிருந்த சிலருக்கே அது பெரிய நன்மை. அந்தச் சிலர் யார் என்று முதலிலேயே துல்லியமாகச் சொல்ல ஒரு வழியும் இல்லை. முழுதான விலகல், குறுகல், பல துண்டுகள், புகைத்தல் என்று சில அடையாளங்கள் மட்டும் உண்டு. இவரிடம் நான்கும் இருந்தன.

எழுபது வயதுத் தாயார் ஒருவருக்கோ மேசையில் இருந்து வேலை செய்யும் ஒருவருக்கோ இதே படம் இருந்தால் நான் பெரும்பாலும் சிலிங்கோடு காத்திருக்கவே சொல்வேன். ஒட்டாமல் போனால் பிறகு தகட்டோடு வேறிடத்து எலும்புத் துண்டும் எடுத்து ஒட்டாக வைக்கலாம். நகையை அடகு வைத்துத் தனியார் வைத்தியசாலைக்கு ஓடி, ஒரு சென்ரிமீற்றர் கூட விலகாத முறிவுக்குத் தகடு வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தால், தோல் வெளிறி இறக்கும் நிலைக்கு வந்தால், இரத்தக் குழாயோ நரம்போ பாதிக்கப்பட்டால் உடனே செய்ய வேண்டியதுதான். அதில் வாதமில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்து பேச நேரம் இருக்கிறது.

பேச்சு

அவரையும் தாயாரையும் ஒன்றாக இருத்திப் பேசினோம். சிலிங்கோடு விட்டால் இப்படியான முறிவுகளில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு ஒட்டாமல் போகலாம், இவருடைய பீடியும் குறுகலும் அதைக் கூட்டும் என்றோம். தகடு வைத்தால் காயத்தில் கிருமி பிடிக்கலாம், தகடு உறுத்தலாம், தழும்புக்குக் கீழே தோல் மரத்துப்போகும், எப்போதாவது இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டிவரலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னோம்.

"வெட்டாமல் செய்யேலாதோ ஐயா?" என்று தாயார் கேட்டார்.

"ஏலும் அம்மா. அதுவும் ஒரு வழிதான். ஒட்டினால் நல்லது. ஒட்டுமோ ஒட்டாதோ எண்டு தெரிய மாசக்கணக்கில பொறுக்க வேணும்."

மகன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டது, "நான் எப்ப டாங்கி தூக்கலாம்?"

அந்தக் கேள்விதான் முடிவைத் தீர்மானித்தது. காலபோக விதைப்பு ஒக்ரோபரிலும் நவம்பரிலும். விதைத்து இரண்டு மூன்று கிழமையில் களைக்கு மருந்தடிக்க வேண்டும். முதுகில் கட்டும் டாங்கி 16 லீற்றர் கொள்ளும், நிரம்பினால் பதினாறு கிலோவுக்கு மேல். அதன் வார் விழும் இடம் காறை எலும்பின் நடுப்பகுதி. சொந்த வயலோடு கூலிக்கும் மருந்தடிப்பவர் இவர். போகத்தைத் தவறவிட்டால் அடுத்த வருமானம் சிறுபோகத்துக்குத்தான்.

தாயாருக்கு இன்னொரு கவலை. "தகடு வைச்சால் மழை நேரம் வயலுக்க நிக்கலாமோ? இடி இழுக்குமெண்டு சொல்லுகினம்." இதை இங்கே பலர் கேட்கிறார்கள். உடம்புக்குள் இருக்கும் தகடு இடியை இழுக்காது. ஆனால் இடி மின்னல் நேரத்தில் வெளி வயலில் நிற்பது, தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபத்து. இரண்டையும் சேர்த்தே சொன்னோம். மகன் தன் நெஞ்சைத் தொட்டு, "அம்மா, இது உள்ளுக்க இருந்துகொண்டு எத்தினை மாரி கண்டிட்டன்," என்றார். அன்றே ஒப்பமிட்டார்.

தகட்டை எந்தப் பக்கம் வைப்பது

கொப்புளங்கள் காய்ந்து தோல் தேறும்வரை காத்திருந்து, விபத்து நடந்து பதினாறாம் நாள் செய்தோம். மூன்று கிழமையைத் தாண்டினால் புதிய எலும்பு படரத் தொடங்கிவிடும், துண்டுகளைப் பிரித்து நீளத்தை மீட்பது கடினமாகும்.

தகட்டை எலும்பின் மேற்பரப்பில் வைப்பதே வழமை. வெட்டுவது சுலபம், தகடும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் மேற்பரப்புக்கும் தோலுக்கும் இடையில் இறைச்சி என்று சொல்லக்கூடியது ஒன்றுமே இல்லை. மெலிந்த ஒருவரில் விரலால் தடவினாலே ஒவ்வொரு திருகாணியின் தலையும் தட்டுப்படும். அதன் மேல் டாங்கி வார் நாள் முழுக்க உரசினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தகட்டை எடுத்துவிடுங்கள் என்று திரும்பி வருபவர்களில் பலர் பாரம் சுமப்பவர்கள். ஆகவே இவருக்கு முன்-கீழ்ப் பரப்பில் வைக்கத் தீர்மானித்தோம். அதற்கு மார்புத் தசையின் தொடக்கத்தைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும், வேலை சற்றுக் கூடுதல். ஆனால் தகடு தசைக்குள் ஒளிந்துகொள்ளும், எலும்பு முன்பின்னாக அகலமானதால் நீளமான திருகாணிகளும் போடலாம்.

முழு மயக்கத்தில், கதிரையில் சாய்ந்தாற்போல் இருத்தி, வெட்டுவதற்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி ஒரு தடவை ஏற்றினோம். தோலை விரித்ததும் எலும்பைக் குறுக்கே கடந்து மார்புத் தோலுக்கு இறங்கும் நூல்போன்ற நரம்புக் கிளைகளைத் தேடினோம். இரண்டைக் கண்டு காப்பாற்றினோம். மூன்றாவது முறிந்த துண்டின் முனையிலேயே அறுந்திருந்தது. துண்டுகளின் முனைகளைத் துப்புரவாக்கி, எலும்பை மூடியிருக்கும் சவ்வை இயன்றவரை தொடாமல் விட்டோம். எலும்புக்கு இரத்தம் தருவது அதுதான். அழகான படத்துக்காக அதை உரித்தெடுப்பவர்கள் ஒட்டாத எலும்பைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

ஆப்புத் துண்டை ஒரு தனித் திருகாணியால் உள்முனைத் துண்டோடு இறுக்கினோம். மூன்று துண்டுகள் இரண்டாயின. பிறகு இரண்டு இடுக்கிகளால் இழுத்துப் பொருத்தியபோது நீளம் திரும்ப வந்தது. 3.5 மில்லிமீற்றர் திருகாணிகளுக்கான எட்டுத் துளைத் தகட்டை எலும்பின் எஸ் வளைவுக்கு ஏற்ப வளைத்து, முறிவின் இருபுறமும் மும்மூன்று திருகாணிகள், ஒவ்வொன்றும் எலும்பின் இரண்டு சுவரையும் பிடிக்கும்படி. நடுவில் முறிவின் மேல் வந்த இரண்டு துளைகளையும் வெறுமையாக விட்டோம்.

துளையிடும்போது ஒரு கவனம். நடுப்பகுதியில் பெரிய இரத்தக் குழாய்கள் எலும்புக்குக் கீழேயும் பின்னேயும் போகின்றன, நெஞ்சுப் பக்கம் போகப்போக எலும்பின் நேர் பின்னாலேயே வந்துவிடுகின்றன. முன்னிருந்து துளைக்கும்போது உள்முனைத் திருகாணிதான் பயத்துக்குரியது. அங்கே எலும்புக்குப் பின்னால் தட்டையான கருவி ஒன்றைக் காவலாக வைத்துவிட்டே துளைத்தோம். தசையைத் திரும்பத் தகட்டின் மேல் கொண்டுவந்து தைத்து மூடினோம்.

பிறகு

மறுநாளே முழங்கையையும் விரல்களையும் அசைக்கத் தொடங்கினார். இயன்மருத்துவர் ஊஞ்சல்போல் கையை ஆட்டும் பயிற்சியைப் பழக்கினார். சிலிங் இரண்டு கிழமை, வலிக்காக மட்டும். ஆறு கிழமை வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம், ஒன்றும் தூக்க வேண்டாம், லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தைப் பிடிக்க வேண்டாம் என்றோம். அதன் கைப்பிடி அதிர்வு முழுக்கத் தோளுக்கே வரும்.

சத்திரசிகிச்சையைவிடக் கடினமானது இந்தக் காலம். தகடு வைத்ததும் வலி சட்டென்று குறைகிறது. எலும்பு ஒட்டிவிட்டது என்று ஆள் நினைக்கிறார். ஒட்டியது எலும்பல்ல, இரும்புதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. எலும்பு ஒட்ட முன் பாரம் ஏற்றிக்கொண்டே போனால் தகடு வளையும், அல்லது திருகாணி கழரும். இதை அவருக்குப் படத்தில் முறிவுக் கோட்டைக் காட்டியே சொன்னோம். விதைப்பை மச்சான் பார்ப்பதாகவும் களை மருந்துக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதாகவும் வீட்டார் ஒழுங்கு செய்தார்கள்.

இருந்தும் பத்தாம் கிழமையில் அரை டாங்கி மருந்தோடு ஒரு வரம்பு நீளம் நடந்திருக்கிறார். அன்றிரவு நோவு. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து நடந்ததை அப்படியே சொன்னார். படத்தில் தகடும் திருகாணிகளும் அசையவில்லை, முறிவின் கீழ்ப்பக்கத்தில் புதிய எலும்பு பாலமிடத் தொடங்கியிருந்தது. ஏசியிருந்தால் அவர் வந்திருப்பாரா என்று அன்றைக்கு எங்கள் தாதியர் ஒருவர் கேட்டார். எனக்கும் அதே எண்ணந்தான்.

பதினாறாம் கிழமைப் படத்தில் எலும்பு ஒட்டியிருந்தது. கால் டாங்கியில் தொடங்கி, நோவில்லாவிட்டால் மட்டும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். பீடியை முழுதாக விடவில்லை, நாளுக்கு இரண்டு மூன்றாகக் குறைத்திருக்கிறார். ஒரு வருடத்தில் கை முழுதாக மேலே போகிறது, இரண்டு தோளும் ஒரே மட்டம், முழு டாங்கியோடு வேலை செய்கிறார். வார் விழும் இடத்தில் உறுத்தல் இல்லை. தழும்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மரத்திருக்கிறது. தொடங்கியபோது உள்ளங்கையளவு இருந்தது. சட்டைத் துணி பட்டால் கூசுகிறது என்கிறார்.

ஒரே ஒரு நோயாளியை வைத்து முன்-கீழ்த் தகடுதான் எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மேற்பரப்புத் தகடும் எத்தனையோ பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறது. படிவத்தில் "விவசாயம்" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு நகராமல், எந்தத் தோளில் எதைச் சுமக்கிறார், வார் எங்கே விழுகிறது என்று வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். கடலில் வலை இழுப்பவருக்கும் மேசன் வேலை செய்பவருக்கும் பதில் வேறாக இருக்கும்.

கடைசிக் கிளினிக்கில் அவர் தகட்டை எப்போது எடுப்பது என்று கேட்டார். தொந்தரவில்லாத தகட்டை எடுக்கத் தேவையில்லை என்றோம். எடுத்தால் திருகாணித் துளைகள் மூடும்வரை எலும்பு பலவீனமாக இருக்கும், அந்த இடைவெளியில் திரும்ப முறியலாம், மறுபடியும் ஒரு போகம் போய்விடும். வீக்கம், சீழ், காய்ச்சல், திடீர் நோவு என்று ஏதாவது வந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல் வரும்படி கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த படம் சிறுபோக அறுவடைக்குப் பிறகு.